கழிமுகத்துப் பிராணிகளும் நாளைய மருந்துகளும்

(சிதம்பரத்தில் நிகழ்த்தப்பெற்ற அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



வியாதிகளைப் பற்றிப் பேசவருகிறவர் சபையோரை அச்சுறுத்தித் தம் பேச்சுக்குக் கனம் தேடிக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்த வழியில் எனக்கு விருப்பமில்லை. எனினும் இன்று நான் எடுத்துக்கொண்ட விஷயத்தின் அவசியம் விளங்கவேண்டுமானால், 2010ஆம் ஆண்டில் நம் சென்னையிலிருந்தே எழுந்த ஓர் எச்சரிக்கையை முதலில் நினைவூட்டியே தீரவேண்டியிருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் ஆராய்ச்சி செய்துவந்த குமாரசாமி கார்த்திகேயன் என்னும் இளைஞர், இங்கிலாந்து முதலிய தேசங்களைச் சேர்ந்த அறிஞர் பலரோடு கூடி, லான்செட் தொற்றுநோய் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். கார்பபெனம் என்று சொல்லப்படும் உயர்ந்த ரக ஆன்டிபயாடிக்குகளையே அறுத்தெறியவல்ல என்.டி.எம்.-1 என்னும் நொதியைச் சுமந்த கிருமிகள், சென்னையில் 44 மாதிரிகளிலும், ஹரியானாவில் 26 மாதிரிகளிலும், இங்கிலாந்தில் 37 மாதிரிகளிலும் காணப்பட்டன என்பது அக்கட்டுரையின் சாரம். அந்த நொதிக்கு நம் தலைநகரின் பெயரைச் சூட்டியது தகுமா என்று அப்போது பெரிய விவாதம் நடந்தது. பெயர் எதுவானால் என்ன? கடைசி ஆயுதமென்று மருத்துவர் பத்திரப்படுத்தி வைத்திருந்த மருந்தும் நம்மூர் ஆஸ்பத்திரிப் படுக்கையருகே தோற்றுப்போகத் தொடங்கிவிட்டது என்ற உண்மைதான் அன்றும் இன்றும் என் மனத்தை வாட்டுவது. மருந்தை எதிர்த்து நிற்கும் பாக்டீரியாக்களை நேர்க் காரணமாகக் கொண்டு 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் மாண்டனர் என்று பின்னர் வந்த பெருங்கணக்கு ஒன்று மதிப்பிட்டது. கிராம் நெகடிவ் என்று வகுக்கப்பட்ட, இரட்டைச் சவ்வு போர்த்திய கிருமிகளை வெல்ல, முற்றிலும் புதிய வகையைச் சேர்ந்த மருந்து ஒன்று பல பத்தாண்டுகளாக நோயாளியின் கைக்கு வந்து சேரவில்லை.

இந்த நெருக்கடியில் விஞ்ஞானிகளின் கவனம் திரும்பியிருக்கும் திசைகளுள் ஒன்று, மனிதன் மருந்து கண்டுபிடிப்பதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே ஜீவராசிகள் தமக்கெனச் செய்து வைத்துக்கொண்ட கிருமிநாசினிகளாகும். அவை பெப்டைடுகள். புரதம் என்பது அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகப் பிணைந்த நீண்ட சங்கிலி என்பதைப் பள்ளி மாணவரும் அறிவர். அச்சங்கிலி பத்து, இருபது, நாற்பது கண்ணிகளோடு குறுகி நிற்குமானால் அதற்குப் பெப்டைடு என்று பெயர். தாவரம், பூச்சி, நண்டு, மீன், தவளை, பசு, மனிதன் என்று எந்த உயிரை எடுத்துக்கொண்டாலும், அதன் தோலிலோ, குடலிலோ, இரத்த அணுக்களிலோ கிருமியைக் கொல்லும் இத்தகைய சிறு சங்கிலிகள் இருக்கக் காண்கிறோம். ஆயிரக்கணக்கில் இவை இதுவரை பதிவாகியிருக்கின்றன.

இத்துறையின் சரித்திரத்தை மேல்நாட்டு நூல்கள் எழுதும்போது பெரும்பாலும் விட்டுப்போகும் ஓர் அத்தியாயத்தை இங்கே சொல்லிவைக்க விரும்புகிறேன். 1979ஆம் ஆண்டில், ஐதராபாத்தில் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில், இ. எஸ். பி. ரெட்டியும் பி. எம். பார்கவாவும், காளையின் விந்துநீரிலிருந்து செமினல்பிளாஸ்மின் என்னும் கிருமிநாசினிப் பொருளைப் பிரித்தெடுத்து, நேச்சர் பத்திரிகையில் அறிவித்தார்கள். ஸ்வீடன் தேசத்து ஹான்ஸ் போமானும் அவருடைய சகாக்களும் செக்ரோப்பியா என்னும் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோப்பின்களைக் கண்டு, அதே பத்திரிகையில் உலகப் புகழ் பெற்ற கட்டுரையை எழுதியது 1981இல். நமக்கு முந்நிற்கும் உரிமை உண்டு என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. அஸ்திவாரக் கல் ஒன்று நம் கையாலேயே நாட்டப்பட்டிருக்க, அதன்மேல் எழும்பிய கட்டடத்தில் நமக்கு உரிய இடம் கிடைக்காமற் போனதன் காரணத்தை நாம் ஆராயவேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

சாமானிய மக்களின் கற்பனையை இத்துறை முதன்முதலில் தொட்டது 1987இல். அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் மைக்கேல் ஸாஸ்லாஃப் என்னும் மருத்துவர், வேறோர் ஆராய்ச்சியின் பொருட்டு, ஆப்பிரிக்கத் தவளைகளின் வயிற்றைக் கீறிச் சூலகத்தை எடுத்துவிட்டு, தையலிட்டு, அவற்றைத் திரும்பவும் தொட்டியில் விட்டுவந்தார். தொட்டித் தண்ணீரோ கலங்கலும் கசடும் கிருமியும் நிறைந்தது. அந்த நீரில் ஒரு மனிதனுடைய அறுவைக் காயம் அமிழ்ந்திருக்குமானால் அது சீழ்ப்பிடிக்காமல் இருக்க வழியே இல்லை. தவளைகளின் காயங்களோ வீக்கமின்றி, சிவப்பின்றி, சுத்தமாக ஆறிக்கொண்டிருந்தன. அநேக ஆராய்ச்சிசாலைகளில் அநேக காலமாக நிகழ்ந்துவந்த சங்கதிதான் இது. கண்டவர் பலர், நின்று கேள்வி கேட்டவர் அவர். தவளையின் தோலைச் சோதித்து, 23 அமினோ அமிலங்களே கொண்ட இரண்டு பெப்டைடுகளை அவர் பிரித்தெடுத்தார். மாகெய்னின்கள் என்று அவற்றுக்குப் பெயரிட்டார். ஏறக்குறைய அதே காலத்தில், ராபர்ட் லேரரும் அவருடைய குழுவினரும் மனிதனின் வெள்ளணுக்களிலேயே டிஃபென்சின்கள் என்னும் பெப்டைடுகள் நிறைந்திருப்பதைக் காட்டினார்கள். நம் வியர்வையிலும், கண்ணீரிலும், தாய்ப்பாலிலும் இவற்றின் இனத்தவை உண்டு. சரீரம் நோய் வந்த பிறகு விழித்துக்கொண்டு எதிர்ப்பொருள்களை உண்டாக்கச் சில தினங்கள் பிடிக்கும். அந்தத் தினங்களில் வாசலைக் காத்து நிற்பவை இவை.

இவை கிருமியைக் கொல்லும் விதத்தைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில் இவற்றின் மேல் நாம் வைத்திருக்கும் நம்பிக்கையும், இவற்றைப் பற்றி நமக்குள்ள பயமும் இரண்டுமே அந்த விதத்திலிருந்துதான் பிறக்கின்றன. பாக்டீரியாவின் மேற்சவ்வில் எதிர்மின்னேற்றம் மிகுந்திருக்கிறது. இப்பெப்டைடுகளில் பெரும்பாலானவற்றில் லைசின், ஆர்ஜினின் என்னும் அமினோ அமிலங்கள் மிகுதியாயிருப்பதால் நேர்மின்னேற்றம் மிகுந்திருக்கிறது. ஆகவே இரண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன. மனித அணுவின் வெளிமுகமோ மின்னேற்றத்தில் ஏறக்குறைய நடுநிலையில் நிற்பது. கொலஸ்ட்ரால் கலந்து சற்றே உறுதிப்பட்டது. அதனால் பெப்டைடு அதை அவ்வளவாக நாடுவதில்லை. தண்ணீரில் மிதக்கும்வரை குறிப்பிட்ட வடிவமின்றித் துவண்டு கிடக்கும் சங்கிலி, சவ்வைத் தொட்டவுடன் சுருண்டு திருகுசுருள் வடிவம் கொள்கிறது. சுருளின் ஒரு பக்கம் நீரை விரும்புவதாகவும், மறுபக்கம் கொழுப்பை விரும்புவதாகவும் அமைந்து, கொழுப்புச் சவ்வுக்குள் புதைகிறது. ஒரு பெப்டைடு சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்கலாம், எவற்றில் மடங்கலாகாது என்று வரையறுத்து உலகுக்குச் சொன்ன படம், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகிய மூவரும் 1963இல் வெளியிட்டது என்பதை இந்த இடத்தில் எவ்வாறு நினையாமல் இருப்பது! இன்றும் ஏதேனும் ஒரு தேசத்தில் ஒரு புதிய பெப்டைடின் வடிவத்தைக் கணித்தால், அந்தக் கணிப்பு சரிதானா என்று அம்மூவருடைய படத்தோடு ஒப்பிட்டே ஒப்புக்கொள்கிறார்கள்.

சவ்வுக்குள் புதைந்த பெப்டைடுகள் ஓரளவு எண்ணிக்கை சேர்ந்தவுடன் துளைகள் விழுகின்றன. கொள்ளிடக் கரையில் வாழும் விவசாயிகளுக்கு இதை விளக்கவேண்டியதில்லை: கரையில் நண்டு வளை ஒன்று விழுந்தால் கசிவு, அடுத்தடுத்துப் பத்து விழுந்தால் உடைப்பு. கிருமியின் உள்ளிருக்கும் உப்புகளும் சக்தியும் அத்துளைகளின் வழியே வெளியே பாய, சில நிமிஷங்களில் அது மடிகிறது. சில பெப்டைடுகள் துளையிடாமல் உள்ளே நுழைந்து, புரதம் செய்யும் யந்திரங்களை நிறுத்துவதும் உண்டு. ஐதராபாத்தில் கண்ட செமினல்பிளாஸ்மின் ஆர்.என்.ஏ. உண்டாவதையே தடுக்கிறது என்று அதன் ஆசிரியர்கள் கருதினார்கள்.

சாதாரண ஆன்டிபயாடிக் ஒன்றை வெல்ல, கிருமிக்கு ஒரு நொதியில் ஓர் எழுத்து மாறினாலும் போதும். சவ்வு முழுவதன் அமைப்பையும் மாற்றிக்கொள்வது அத்தனை இலகுவன்று. அதற்கு அது செலுத்தவேண்டிய விலை அதிகம். பெப்டைடுகளை எதிர்த்து நிற்கும் ஆற்றல் மெதுவாகவே தோன்றும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரம் இதுவே. ஆனால் மெதுவாகத் தோன்றும் என்பதை ஒருக்காலும் தோன்றாது என்று பொருள்பண்ணிக்கொண்டு, அற்புத மருந்து வந்துவிட்டது என்று எழுதும் பத்திரிகைக் குறிப்புகளைக் காணும்போது எனக்கு மிகுந்த கவலை உண்டாகிறது. கவலைக்குக் காரணம் கோலிஸ்டின்.

கோலிஸ்டின் என்பதும் ஒரு பெப்டைடு மருந்தே; 1940களின் பிற்பகுதியில் ஜப்பானில் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்திலிருந்து கிடைத்தது. சிறுநீரகத்தைப் பாதிக்கிறது என்பதால் 1970களில் அதை மருத்துவர்கள் ஒதுக்கிவைத்தார்கள். மற்ற மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றபோது, தீவிர சிகிச்சைப் பிரிவுகளில், வேறு கதியின்றி, அதையே மீண்டும் எடுத்துக்கொண்டார்கள். மனிதனுக்கு அது கடைசி அடைக்கலமாயிருந்த அதே வருஷங்களில், உலகின் பல பாகங்களில், நம் தேசம் உட்பட, கோழியும் பன்றியும் விரைவில் கொழுக்கவேண்டும் என்பதற்காகத் தீவனத்தில் அதைக் கலந்துகொண்டிருந்தார்கள். 2015 நவம்பரில் சீன விஞ்ஞானிகள் எம்.சி.ஆர்.-1 என்னும் மரபணுவைப் பற்றி அறிவித்தார்கள். அம்மரபணு செய்யும் காரியம் என்னவெனில், கிருமியின் மேற்சவ்வில் ஒரு சிறு ரசாயனத் தொகுதியை ஒட்டவைத்து, அதன் எதிர்மின்னேற்றத்தைக் குறைத்துவிடுவது. இழுக்கும் சக்தி குறைந்தால் மருந்து ஒட்டாது. அதனினும் ஆபத்தானது, அம்மரபணு பிளாஸ்மிடு என்னும் சிறு வளையத்தில் அமர்ந்து ஒரு பாக்டீரியத்திலிருந்து மற்றொரு ஜாதிப் பாக்டீரியத்துக்கே தாவவல்லது. கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கோலிஸ்டினை உபயோகிப்பதை நம் மத்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தது. அத்தடை பத்து ஆண்டுகளுக்கு முன்னரே வந்திருக்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். பெப்டைடு மருந்துகளைப் பற்றி ஆர்வத்தோடு பேசும் எவரும் இந்த வரலாற்றை மறைத்துவிட்டுப் பேசுவாரானால், அவர் மாணவருக்கும் நோயாளிக்கும் நன்மை செய்கிறவராகார்.

அப்படியானால் இவற்றுள் மருந்தாகிவிட்டவை எவையுமே இல்லையா என்றால், இருக்கின்றன. மண்ணில் வாழும் பாக்டீரியத்திலிருந்து ரெனே டூபோ 1939இல் எடுத்த கிராமிசிடின், இரத்தத்தில் செலுத்தினால் சிவப்பணுவை உடைக்கும் தன்மையதாகையால், மேற்பூச்சாக மட்டும் இன்றும் கண் சொட்டு மருந்துகளில் வாழ்கிறது. பாலில் வாழும் பாக்டீரியம் செய்யும் நைசின், உணவுப் பண்டங்கள் கெடாமலிருக்க உலகெங்கும் சேர்க்கப்படுகிறது. 2003இல் அனுமதி பெற்ற டாப்டோமைசின், கிராம் பாசிடிவ் கிருமிகளின் மேல் நன்றாக வேலை செய்யும் லிபோபெப்டைடு. ஆனால் இவை எல்லாம் நுண்ணுயிர்கள் தம் போட்டியாளரை ஒழிக்கச் செய்துகொண்டவை. பிராணிகளின் சரீரத்திலிருந்து எடுக்கப்பட்ட பெப்டைடு ஒன்று, தொற்றுநோய்க்கு மருந்தாகி, பரவலாகக் கடைக்கு வந்ததென்று சொல்ல இன்னும் இடமில்லை.

ஸாஸ்லாஃபின் தவளைப் பெப்டைடையே ஆதாரமாகக் கொண்டு செய்த பெக்சிகனான் என்னும் களிம்பு, நீரிழிவு நோயாளிகளின் பாதப் புண்ணுக்கென 1990களில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களிடம் பரிசோதிக்கப்பட்டது. ஓஃப்ளாக்சசின் மாத்திரைக்குச் சமமாகவே அது குணம் தந்தது. ஆயினும் அமெரிக்க அரசின் மருந்து நிர்வாகம் 1999இல் அனுமதி மறுத்தது. பின்னர் 2016இல் மருந்தில்லாத வெறுங்களிம்போடு ஒப்பிட்டுச் செய்த பரிசோதனைகளில் அது தோற்றே போயிற்று. பன்றியின் வெள்ளணுவில் கண்ட புரோட்டெக்ரின் என்பதை மாதிரியாக வைத்து, ஸ்விட்சர்லாந்தில் செய்த முரெபவாடின், சூடோமோனாஸ் கிருமியைத் துல்லியமாகத் தாக்குவது என்று எல்லோரும் மகிழ்ந்திருந்தபோது, நோயாளிகளின் சிறுநீரகம் கெடுவது எதிர்பார்த்ததற்கு மேல் காணப்பட்டு, 2019இல் அதன் கடைசிக் கட்டப் பரிசோதனை நிறுத்தப்பட்டது. இத்தோல்விகளுக்குப் பொதுவான காரணங்கள் சில உண்டு: இரத்தத்திலும் குடலிலும் உள்ள புரதமறுக்கும் நொதிகள் பெப்டைடைச் சில நிமிஷங்களில் துண்டாடிவிடுகின்றன, கிருமியின் சவ்வைத் துளைக்கும் அளவுக்கும் சிவப்பணுவைத் துளைக்கும் அளவுக்கும் இடையிலுள்ள இடைவெளி சில பெப்டைடுகளில் மிகக் குறுகியது, பெப்டைடைச் செய்ய ஆகும் செலவு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் கிராமுக்கு 50 முதல் 400 டாலர்வரை கணக்கிடப்பட்டது. இன்னொரு காரணம் உப்பு. நம் இரத்தத்தில் இருக்கும் அளவு உப்பு கலந்தாலே, ஆய்வுக்கூடத் தட்டில் வீரியத்தோடு நின்ற பல டிஃபென்சின்கள் செயலற்றுப் போகின்றன. உப்பின் அயனிகள் குறுக்கே நின்று மின்னீர்ப்பைத் தளர்த்திவிடுகின்றன.

இவ்விடத்தில் சிறு கிளைப்பேச்சு ஒன்றுக்கு அனுமதி வேண்டுகிறேன். வெளியிலிருந்து பெப்டைடைச் செலுத்துவதற்குப் பதிலாக, நம் சரீரத்திலேயே உள்ளவற்றைத் தூண்டிவிடலாகாதா என்று கேட்டவர்களும் உண்டு. வைட்டமின் டி, நம் அணுக்களைத் தூண்டிக் காதலிசிடின் என்னும் பெப்டைடைச் சுரக்கச் செய்து காசக் கிருமியை ஒடுக்குகிறது என்று 2006இல் ஆய்வுக்கூடத்தில் காட்டப்பட்டபோது, சூரிய வெளிச்சத்தில் க்ஷயரோகிகளைக் கிடத்திய பழைய சானடோரியங்களின் முறைக்கு விஞ்ஞான விளக்கம் கிடைத்துவிட்டதாகப் பலரும் மகிழ்ந்தார்கள். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் பங்குகொண்டு 2015இல் முடிவு வெளியிட்ட பரிசோதனையில், காச நோயாளிகளுக்கு அந்த வைட்டமினைக் கூடுதலாகக் கொடுத்தும் கிருமி விரைவில் நீங்கக் காணோம். கண்ணாடித் தட்டுக்கும் மனித சரீரத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பதற்கு நம் மாகாணத்திலேயே நடந்த அத்தாட்சி இது.

உப்பைப் பற்றிச் சொன்னேன். கடல் நீரின் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ பத்து லட்சம் பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. அந்த நீரை ஓயாமல் உடலுக்குள் வாங்கி வெளியே விடும் நண்டுக்கும், இறாலுக்கும், சிப்பிக்கும் நம்மைப்போல் எதிர்ப்பொருள் உண்டாக்கும் சக்தி கிடையாது. ஒருமுறை வந்த நோயை நினைவில் வைத்திருக்கும் அணுக்களும் கிடையாது. பிறவியோடு வந்த பெப்டைடுகளும் இரத்த அணுக்களுமே அவற்றின் முழுக் காவல். அந்தப் பெப்டைடுகள் உப்பிலேயே வேலை செய்தாகவேண்டும். செய்யாதனவற்றைக் கொண்ட வம்சம் நிலைத்திருக்க முடியாது. ஜப்பானில் கியூஷூ பல்கலைக்கழகத்தார் 1988இல் குதிரைலாட நண்டின் இரத்த அணுக்களிலிருந்து எடுத்த டாக்கிபிளெசின், நீண்ட மணற்புழுவிலிருந்து ரஷ்யர்கள் எடுத்த அரெனிசின், மீனின் செவுள்களில் கண்ட பிசிடின் ஆகியவை, உப்பு மிகுந்த இடத்திலும் வீரியம் குன்றாதவை என்று நிரூபணமாயின. இரத்தத்திலுள்ள உப்புக்கே தளர்ந்துபோகும் தவளைப் பெப்டைடுகளையும் மனிதப் பெப்டைடுகளையும் விட, மருந்துக்கு மாதிரியாகக் கொள்ள உப்பங்கழி ஜீவன்கள் தகுதியானவை என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம். இன்றைய பேச்சில் நான் உங்கள் முன் வைக்க விரும்பும் கருத்தும் இதுவே.

கருத்து இதுவாயின், அதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ்நாட்டில் இந்த மாவட்டத்தைக் காட்டிலும் தகுந்த இடம் எது? கடலூரில் கெடிலமும் பெண்ணையாறும் கடலோடு கலக்கின்றன. பரங்கிப்பேட்டையில் வெள்ளாறு கலக்கிறது. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்தின் சுரபுன்னையும் கண்டலும் அடர்ந்த காடு கிடக்கிறது. இந்தச் சிதம்பரத்துக்குத் தன் பெயரைத் தந்த தில்லை மரமும் அக்காட்டில்தான் இன்னும் வளர்ந்து நிற்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை கெடும் என்று படகோட்டிகள் நம்மை விலக்கி அழைத்துச் செல்வார்கள். அலை ஏறி இறங்கும் ஒவ்வொரு நாளும் அங்கே உப்பின் அளவு மாறுகிறது, வெப்பம் மாறுகிறது, அழுகும் இலைகளில் கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. அச்சேற்றில் வளை தோண்டி வாழும் சேற்று நண்டு, சண்டையில் கால் முறிந்தும் புண்ணோடு அதே சேற்றில் கிடந்து பிழைத்துக்கொள்கிறது. அந்த நண்டு இனத்தின் விந்துநீரிலிருந்து ஸ்கைகோனடின் என்னும் கிருமிநாசினியைச் சீன விஞ்ஞானிகள் ஏற்கெனவே எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். நம் பண்ணைக் குட்டைகளில் 2009 முதல் வளர்க்கப்படும் வண்ணாமி இறாலின் குருதிநீரிலிருந்து பெனெய்டின்களைப் பிரெஞ்சுக்காரர் 1997லேயே பிரித்தனர். நம் கண்ணெதிரே டன் கணக்கில் லாரியேறிப் போகும் பண்டத்துக்குள் இருப்பதைப் பிறர் படித்துச் சொல்ல நாம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நாம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். பேராசிரியர் ஆர். வி. சேஷய்யாவின் முயற்சியால் வேரூன்றி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையமாகப் பரங்கிப்பேட்டையில் வளர்ந்திருக்கும் ஸ்தாபனம், வெள்ளாற்று முகத்தின் உயிரினங்களைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சேர்த்து வைத்திருக்கும் ஞானம் சாமானியமானதன்று. உண்ணும் நண்டு வகைகளின் குருதிநீர், கடற்பஞ்சு, சிப்பி, மீனின் வழுவழுப்பு, அலையாத்திக் காட்டின் பூஞ்சைகள் ஆகியவற்றுள் கிருமியைத் தடுக்கும் சக்தி இருப்பதை அங்குள்ள ஆய்வாளர் பலர் காட்டியிருக்கிறார்கள். தேசமெங்கும் கடற்கரைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றிலும் இவ்வகை ஆராய்ச்சி நடக்கிறது. ஆனால் தேசம் முழுமைக்கும் பொதுவாக ஒன்று சொல்ல வேண்டும். இவ்வாராய்ச்சிகளில் மிகப் பெரும்பாலானவை, அகர் தட்டில் கிருமியைப் பரப்பி, நடுவே சாற்றை இட்டு, சுற்றிலும் தோன்றும் தெளிந்த வட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதுவதோடு முடிந்துவிடுகின்றன. வட்டத்தை உண்டாக்கிய பொருள் எது? அதைத் தனியே பிரித்தார்களா? அதன் அமினோ அமில வரிசை என்ன? சிவப்பணுவை அது எவ்வளவில் உடைக்கிறது? உப்பில் நிற்கிறதா? இக்கேள்விகளுக்கு விடை தேட வேண்டிய இடத்தில் பட்டம் கிடைத்துவிடுகிறது, மாணவர் வேறு வேலைக்குப் போய்விடுகிறார், உறைகலத்திலிருந்த மாதிரி அழிகிறது. 1979இல் நாட்டிய கல்லின்மேல் நாம் ஏன் கட்டவில்லை என்று முன்னே கேட்டேனே, அதற்கு எனக்குத் தெரிந்த விடை இதுதான். அறிவுக் குறைவு காரணமன்று. முதல் வட்டத்துக்கும் முதல் நோயாளிக்கும் இடையிலுள்ள நெடிய வழியில் நடப்பவர்களுக்குச் சம்பளமும் இல்லை, மதிப்பும் இல்லை.

இவ்வாராய்ச்சியை ஊக்கினால் கழிமுகத்து ஜீவன்களை வேட்டையாடித் தீர்த்துவிடுவார்களே என்று அஞ்சுகிறவர்களுக்கு ஒரு சமாதானம் சொல்லவேண்டும். ராபர்ட் புரூஸ் மெரிஃபீல்டு 1963இல் வகுத்துக் கொடுத்து, 1984இல் நோபல் பரிசும் பெற்ற முறையினால், வரிசை தெரிந்த எந்தப் பெப்டைடையும் பிசின் மணிகளின் மேல் ஒவ்வோர் அமினோ அமிலமாகச் சேர்த்துச் செயற்கையாகக் கட்டிவிடலாம். வரிசையை அறியச் சில நண்டுகளின் சில துளிக் குருதி போதும். அதன் பிறகு நண்டுக்கு வேலையில்லை. கூடவே, 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின்படி, இம்மண்ணின் உயிர்வளத்திலிருந்து ஆதாயம் தரும் பொருள் எதுவும் பிறக்குமானால் அதில் உள்ளூர் மக்களுக்குப் பங்கு உண்டு. எந்த நண்டு எந்த மாதத்தில் தோல் உரிக்கும், எந்த மடுவில் கெளுத்தி முள் குத்தினால் புண் ஆறாது, எந்த மட்டியைக் காயத்தின்மேல் கட்டுவார்கள் என்பன போன்ற விவரங்களை முடசலோடையிலும் கிள்ளையிலும் வலை வீசுகிறவர்களிடமும், பிச்சாவரக் கால்வாய்களில் கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களிடமும் கேட்டு எழுதிக்கொள்வது ஆராய்ச்சியின் முதற்படியாக இருக்கவேண்டும். அப்படிக் கேட்டவர் அவர்களுடைய பெயரையும் பங்கையும் பத்திரத்தில் எழுதிக்கொடுக்கவும் வேண்டும்.

மருத்துவப் பக்கத்தைப் பார்ப்போம். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் 1985இல் தொடங்கி, இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குவது இதே அண்ணாமலைநகரில் இருக்கிறது. வயலில் வெறுங்காலோடு நடக்கும் விவசாயி, சர்க்கரை வியாதியினால் பாதத்தில் உணர்ச்சி அற்று, முள் தைத்ததும் அறியாமல், சீழும் துர்நாற்றமும் கண்ட பிறகு வந்து சேரும் காட்சி இங்குள்ள அறுவைச் சிகிச்சை மருத்துவர்களுக்குப் பழக்கமானது. அந்தப் புண்ணிலிருந்து எடுக்கும் கிருமி எந்த மருந்துக்கும் அடங்காதபோது காலை எடுக்க நேர்கிறது. உண்பதற்கும் ஊசியிடுவதற்கும் பெப்டைடைப் பக்குவப்படுத்த இன்னும் வெகு காலம் பிடிக்கலாம். மேற்பூச்சுக்கு அத்தனை தடைகள் இல்லை. இரத்தத்தின் நொதிகளும் சிறுநீரகமும் அங்கே அவ்வளவாகக் குறுக்கிடுவதில்லை. பெக்சிகனான் தோற்ற இடமும் இதே பாதப் புண்தான் என்பதை மறந்துவிட்டு இதைச் சொல்லவில்லை. அது நன்னீர்த் தவளையின் பெப்டைடை ஒட்டியது. புண்ணின் கசிவில் உப்பும் உண்டு, புரதமறுக்கும் நொதிகளும் உண்டு. உப்பில் நிற்கும் பெப்டைடு ஒன்றுக்கு அதே பரிசோதனையில் நேர்வது வேறாக இருக்கக்கூடும். இருக்கக்கூடும் என்பதற்கு மேல் நான் ஒரு சொல்லும் கூட்டமாட்டேன். செய்து பார்த்தாலன்றித் தெரியாது.

செய்து பார்ப்பதற்குப் பெரிய மாளிகை வேண்டியதில்லை. முதல் ஆண்டுக்குச் சேற்று நண்டு, வண்ணாமி இறால், கெளுத்தி என்ற மூன்று பிராணிகள் போதும். எதிரே நிறுத்தும் கிருமிகள் சீசாவில் வந்த பழைய வகைகளாக இராமல், அண்ணாமலைநகர் ஆஸ்பத்திரியில் பாதப் புண்களிலிருந்து உரிய அனுமதியோடு எடுத்த, மருந்துக்கு அடங்காத கிளெப்சியெல்லாவும் சூடோமோனாசும் ஸ்டாஃபிலோகாக்கசும் ஆகவேண்டும். ஒவ்வொரு பெப்டைடும் கிருமியைச் சந்திக்கும் அன்றே, இரத்தத்துக்குச் சமமான உப்பையும் மனிதச் சிவப்பணுவையும் சந்திக்கவேண்டும். முடிவுகள் எல்லாம், தோற்றவையும் சேர்த்து, ஒரே அட்டவணையில் அச்சாகவேண்டும். பரங்கிப்பேட்டையிலிருந்து ஒருவரும், ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் துறையிலிருந்து ஒருவரும், ரசாயனத் துறையிலிருந்து ஒருவருமாக மூன்று மாணவர் ஒரே ஆராய்ச்சியில் கையெழுத்திட்டு, மூவருக்கும் பட்டம் கிடைக்கும்படி பல்கலைக்கழகத்தார் வழிசெய்ய வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறேன். அப்படி மூவர் முன்வருவார்களானால், இச்சொற்பொழிவுக்கென எனக்குக் குறித்திருக்கும் சன்மானம் அவர்களுடைய முதல் வருஷத்து ரசாயனச் செலவில் சேரட்டும் என்று அறக்கட்டளையாரிடம் எழுத்து மூலம் தெரிவித்திருக்கிறேன்.